நிலாவின் பாதங்கள்

கோடை விடுமுறையில் என் மகளையும் பக்கத்து வீட்டு நிலாவையும் கிரிவலம் அழைத்துப் போகத் திட்டம் போட்டது நான்தான். நிலாவுக்கு ஆறு வயது. அவள் அம்மா கவிதா வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் என்னை நம்பி அனுப்பினாள். செருப்பை வீட்டிலேயே விடச் சொன்னதும் நான்தான். விடியற்காலையில் கிளம்புவதாகச் சொல்லிவிட்டு, நான் எழுந்ததே தாமதம். புறப்படும்போது ஏழரை.

பாதி வழியில் தார் ரோடு சுட ஆரம்பித்தது. என் மகள் சிணுங்கியதும் பையிலிருந்த ஒரே ஜோடி சாக்ஸை அவளுக்கு மாட்டிவிட்டேன். நிலா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நீ சமத்துப் பொண்ணு, அழாம நடப்ப இல்ல?" என்றேன். தலையாட்டினாள்.

அடி அண்ணாமலையில் மோர் குடிக்க நின்றோம். கடைக்கார அம்மா நிலாவைத் தூக்கி பெஞ்சில் உட்காரவைத்து, பாதங்களைத் திருப்பிப் பார்த்தார். இரண்டிலும் கொப்புளங்கள். குடத்துத் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். பிறகு என் மகளின் கால்களைப் பார்த்தார்.

"இந்தப் பாப்பா உங்க கொழந்த இல்லீங்களா?"

அவர் திட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ஆட்டோ பிடித்துத் திரும்பினோம். மாலையில் கவிதாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "வெயிலுக்கு நீங்க என்னக்கா பண்ணுவீங்க? அவளையும் கூட்டினு போனீங்களே, அதுவே போதும்" என்றாள்.

சாக்ஸ் விஷயத்தை நான் சொல்லவில்லை. நிலாவும் சொல்லவில்லை. குழந்தை மறந்திருக்கலாம். என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று நினைத்திருந்தால்? அதை நினைக்கத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.