ஜீரோ பாத்துக்கங்க

அந்தக் காரில் மூன்று பேர் இருந்தோம். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஜெர்மன்காரர், பக்கத்தில் அவர் மனைவி, பின்சீட்டில் நான். கூட வந்திருக்க வேண்டிய எங்கள் லாட்ஜ் முதலாளி வரவில்லை. மதுரையில் ஒரு கல்யாணம் அவருக்கு.

"நீதான் இங்கிலீஷ்ல டிகிரி முடிச்சிருக்கியே, மேல்மலையில போளூர் வரைக்கும் கூட்டிட்டுப் போயி சுத்திக் காமி. சந்தோசமா திரும்பி வந்தாங்கன்னா கைடு வேலை ஒனக்கு. மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு வந்தாங்கன்னா நீ பழையபடி பெட்ஷீட்டு மாத்தப் போயிரு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதிய ஆங்கிலம், வாயைத் திறந்து பேசியது குறைவு.

மேலே போனால் பெட்ரோல் பங்க்கை நம்ப முடியாது என்று கொடைக்கானலிலேயே நிறுத்தினோம். வண்டி நின்றதும் ஜெர்மன்காரர் இறங்கிப் போய், தானே பெட்ரோல் குழாயை உருவிவிட்டார். பெட்ரோல் போடும் அக்கா பாய்ந்து வந்து பிடுங்கினார்.

"அய்யய்ய, விடுங்க சார்! எங்க சோலிய நீங்களே பாத்தா நாங்க எங்க போறது?"

அவர்கள் ஊரில் நாமே பிடித்துக்கொண்டு, பிறகு உள்ளே கடைக்குப் போய்ப் பணம் கட்ட வேண்டுமாம். இங்கே ஆள் இருக்கிறார்கள் என்று நான் பெருமையாகச் சொன்னேன். அக்கா மீட்டரைக் காட்டினார்.

"ஜீரோ பாத்துக்கங்க சார்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மொழிபெயர்க்கும் நேரம் வந்துவிட்டது.

"ஜீரோ, சார்."

"ஜீரோ? ஃபார் அஸ்?"

"ஃபார் எவரிபடி, சார். ரூல்!"

புருஷனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நம் ஊர் நேர்மையை மெச்சுகிறார்கள் என்று எனக்கும் புல்லரித்தது. டேங்க் நிரம்பியதும் அவர் அக்காவைக் கும்பிட்டு, ஒரு சாக்லேட் டப்பாவைக் கையில் கொடுத்து, ஏறி வண்டியைக் கிளப்பினார். பணம் எப்போது கொடுத்தார் என்று நான் யோசிப்பதற்குள் பின்னால் கூச்சல்.

"ஏலே, மறிங்கடா! காசு குடுக்காமப் போறாம்ல!"

இரண்டு பைக்குகள் குறுக்கே வந்து நின்றன. அக்கா சாக்லேட் டப்பாவோடு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஏந்தம்பி, மிட்டாயக் குடுத்துட்டு டேங்க்க நெப்பிட்டுப் போறாரே! சாயங்காலம் கணக்குல நான் மிட்டாயவா கட்டுவேன்?"

கண்ணெதிரே பெட்ஷீட்டுகள் பறந்தன. தெரிந்த ஆங்கிலம், தெரியாத ஆங்கிலம், இரண்டு கைகள் எல்லாவற்றையும் சேர்த்து விளக்கினேன். ஜீரோ என்றது விலையை இல்லை, மீட்டர் ஜீரோவிலிருந்துதான் ஓடுகிறது, ஏமாற்றவில்லை என்று எல்லோருக்கும் காட்டுவது.

 அவர் ஸ்டியரிங்மேல் கவிழ்ந்து சிரித்தார், ஹாரன் அலறியது. அந்த அம்மா சிரிக்க, என்னவென்றே தெரியாமல் அக்கா சிரிக்க, மறித்தவர்கள் பைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.  அவர் இறங்கி வந்து பணத்தைக் கட்டினார், அங்கே நின்ற அத்தனை பேருக்கும் டீ வாங்கினார், முதலாளிக்கும் அவரே போன் போட்டார். சிரித்து முடியாமல் போனை என்னிடம் நீட்டினார்.

"என்னடா சொல்லித் தொலச்ச? அந்தாளு சிரிச்சே செத்துருவான் போல."

"அது வந்து, ஒரு ஜீரோங்க..."

"என்ன எழவோ. நாளைக்கு பிரான்சுக்காரங்க ரெண்டு பேரு வாராங்க. வெள்ளனே வந்துரு, நீதான் போற."

சாக்லேட்டை அக்கா திருப்பித் தரவில்லை. அது போக, பெட்ரோலுக்கு இரண்டாயிரத்து எண்ணூற்று அறுபது, பதினோரு டீக்கு நூற்று அறுபத்தைந்து. ஆக அந்த ஜீரோவின் விலை மூவாயிரத்து இருபத்தைந்து ரூபாய்.