ராக்கப்பன் புதைத்த எரு

ராக்கப்பனுக்கு நான் ஆயிரத்து ஐந்நூறு திர்ஹம் கடன்பட்டிருந்தேன். மூன்று மாதச் சம்பளம். இரண்டாயிரத்து நான்காம் வருஷம், மார்ச் மாதம். சம்பளம் பாக்கி வைத்தவன் என்று துபாயில் யாரும் என்னைச் சொன்னதில்லை, அந்த ஒரு தடவையைத் தவிர. அதனால்தான் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

நான் கீழக்கரை செய்கு முகம்மது. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. இருபத்திரண்டு வயதில் ஒரு கைலி, இரண்டு சட்டையோடு வந்து இறங்கினேன். பிறகு சத்வாவில் சொந்த ஆபீஸ், சொந்த பிக்கப், ஆறு ஆட்கள் என்று தோட்டவேலை கான்ட்ராக்ட் நடத்தினேன். பட்டம் வாங்கினவனெல்லாம் என் எதிரில் உட்கார்ந்து வேலை கேட்டிருக்கிறான். ஆனால் அந்த ஆறு பேரில் கைராசிக்காரன் ராக்கப்பன்தான்.

முதுகுளத்தூர் பக்கம் ஆட்டுக்கிடை போடுகிற குடும்பம் அவனுடையது. பிறத்தியார் வயலில் ராத்திரி ஆடுகளை அடைத்து வைத்து, அவை போடும் புழுக்கைக்கு நெல் கூலியாக வாங்குகிறவர்கள். கட்டட வேலைக்கு வந்தவன், கம்பெனி மூடிப்போய்த் தொழிலாளர் கேம்ப்பில் சோறில்லாமல் கிடந்தான். நான்தான் கூட்டிவந்தேன். அவன் வைத்த செடி பட்டுப்போய் நான் பார்த்ததில்லை.

ஜுமைராவில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டை அவனுக்குக் கொடுத்திருந்தேன். அங்கே கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாய். குளிர் மாதங்களில் அது பகலெல்லாம் தோட்டத்தில்தான் கிடக்கும். அது போடுவதை அள்ளுவதும் புல்லுக்குத் தண்ணீர் விடுவதும் ராக்கப்பன் வேலை. மூன்று மாதத்துக்கும் சேர்த்து, குளிர் முடிந்ததும் பணம் தருவது அந்த வீட்டு வழக்கம். அந்த வருஷம் மற்ற வீட்டுக் காசெல்லாம் நாலு பேருடைய விசாவைப் புதுப்பிக்கப் போய்விட்டது. ஜுமைரா பணம் வந்தால்தான் ராக்கப்பனுக்குச் சம்பளம்.

அவனுக்கோ ஒரு நாள் தள்ள முடியாது. தங்கை உமாராணியின் மகள் அகிலாவுக்கு ஞாயிற்றுக்கிழமை சடங்கு. இவன் ஒரே தாய்மாமன். ஒரு பவுன் சங்கிலி, பட்டுப்பாவாடை, பதினோரு தட்டுச் சீர். பணம் வியாழக்கிழமைக்குள் போயாக வேண்டும்.

திங்கட்கிழமை அந்த வீட்டு மேடம் போன் செய்து இரண்டு பேரையும் வரச் சொன்னாள். பிக்கப்பை விட்டு இறங்கும்போதே நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்தினேன். நாலு நாள் வெயில்தான் அடித்திருந்தது. புல் தோசை தோசையாகக் கருகி, மேலே ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

"ஏண்டா, அள்ளிக் குப்பை டிரம்முல போடச் சொன்னேனே?"

"எருவ எவனாச்சும் டிரம்முல போடுவானா பாய்? ஒரு நா விடாம குழி தோண்டிப் பொதச்சிருக்கேன்."

"எங்கடா?"

"எல்லா எடத்துலயும்தான். புல்லு ஒரே மட்டமா வரணும்ல? ஆடு போட்டா பயிர் கெளம்புது, இது போட்டா கருகுதே! என்னத்தப் பாய் திங்குது இது?"

"கறி. டப்பாக் கறி. உன்னையும் என்னையும் விட நல்ல சாப்பாடு."

எல்லாவற்றையும் தோண்டி எடுத்துப் புது மண் போட்டால்தான் பணம் என்றாள் மேடம். என்ன நியாயம் பேசுவது? தப்பு எங்களுடையது. தொண்ணூறு நாள், தொண்ணூறு குழி. எங்கெங்கே என்று அவனுக்கே நினைவில்லை.

அன்று சாயங்காலம் மளிகைக்கடை ராஜிக்கிடம் போய்க் கைமாற்று கேட்டேன். துபாய் வந்து நான் கேட்ட முதல் கைமாற்று.

"செய்கு காக்கா, நீங்களா?" என்று ஊர் வழக்கில் அண்ணன் முறை வைத்துக் கேட்டு, கல்லாவைத் துழாவி இருநூறு நீட்டினான். அவ்வளவுதான் இருந்தது. ராக்கப்பன் அதைத் தொடவில்லை.

"எரநூறுக்குச் சீரா பாய்? மச்சான் வீட்டாளுக காறித் துப்புவாக."

மற்ற ஐந்து பேரும் வேறு வீடுகளில் இருந்தார்கள். மறுநாள் ஜுமைரா வீட்டில், ஐம்பது வயதில் நானே மண்வெட்டி எடுத்தேன். எங்கள் மத்ஹபின் மார்க்கச் சட்டப்படி நாயின் ஈரம் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்து. ஒவ்வொரு தொழுகைக்கும் குழாயடிக்கு ஓடினேன். ராக்கப்பன் எண்ணிக்கொண்டே வந்தான். "அஞ்சு... ஆறு..." அப்போது அந்த நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்து என் முழங்கையை நக்கியது.

"ஒண்ணுலேருந்து வாங்க பாய்."

அவனுக்குச் சிரிப்பு. எனக்குச் சாயங்கால அஸர் தொழுகை நேரம் போய்க்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் நாய் புது மண்ணில் போய்க் காலை மடக்கி உட்காருகிறது. விரட்ட முடியாது. ஜன்னலில் மேடம் நிற்கிறாள்.

வியாழன் மத்தியானம் வேலை முடிந்தது. மேடம் சுற்றி வந்து முகர்ந்து பார்த்தாள். நல்ல வேலை என்றாள். பணம் கணவரிடம் இருக்கிறது, அவர் வேலையாகக் கத்தாரில் ராஸ் லஃபானில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார் என்றாள். யார் முன்னாலும் குரல் தாழாத செய்கு முகம்மது நான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் "ப்ளீஸ்" என்ற ஒரு சொல்லையே நாலு தடவை சொன்னேன். "சாரி" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். ஊருக்குப் பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்ச் பக்கம் போகாமல் சத்வாவுக்கு வண்டியைத் திருப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் ஆபீஸ் போனில் ஊருக்குப் பேசினான்.

"மாலைய யாரு போட்டா?... பங்காளிதானே, போட்டா என்ன... தட்டு எத்தன? மூணா?... சிரிச்சா சிரிக்கட்டும். அழாத தாயி. இந்த அண்ணன் என்ன செய்வேன் சொல்லு... புள்ள சாப்பிட்டுச்சா?"

லைன் போன பிறகும் ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தான். ஆறு பேருக்குச் சோறு போட்டவன் நான். நாற்காலியில் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அந்த வெள்ளைக்காரர் தோட்டத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மொத்தப் பணத்தையும் என்னிடம் எடுத்துக் கொடுத்தார். பிக்கப்பில் ராக்கப்பன் உட்கார்ந்திருந்தான்.

"பிடிடா."

"ராத்திரி ரூமுக்கு வந்து வாங்கிக்கிறேன் பாய்."

"இப்பவே பிடி."

கையை நீட்டினான். மண்வெட்டிக் கொப்புளம் உடைந்து தோல் உரிந்த உள்ளங்கை. நூறு நூறாக எண்ணி வைத்தேன். பதினைந்தாவது நோட்டை வைத்த பிறகும், சடங்கு முடிந்தபின் வந்த அந்தப் பணத்தின் மேல் அவன் விரலை மடக்கவில்லை.