சாயோவுக்குக் கோபம் வந்த நாள்

நாற்பத்திரண்டு வயதிலும் ஜாய்சுக்குப் பத்து வயதுக் குழந்தையின் குரல். போனில் பேசினால், "பாப்பா, வீட்டுல பெரியவங்க யாராச்சும் இருந்தா குடும்மா" என்பார்கள். கல்யாணமான புதிதில் அதற்காகக் கூசிப்போயிருக்கிறாள். கணவர் சகாயநாதன் மாரடைப்பில் போன பிறகு அந்தக் குரல்தான் அவளுக்கும் மகள் ரோஸ்லினுக்கும் சோறு போட்டது.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலையில், மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் மாடியில், ரெமிஜியஸ் சிறிய டப்பிங் ஸ்டுடியோ வைத்திருந்தான். சென்னைக் கம்பெனிகள் தங்களுக்கு வரும் கார்ட்டூன்களில் கொஞ்சத்தை அவனிடம் தள்ளிவிடும். முயல், பேசும் பென்சில், அழுமூஞ்சி இளவரசி என்று எது வந்தாலும் ஜாய்ஸ் பேசினாள். அப்படித்தான் ஒருநாள் அந்த ஜப்பான் அனிமே தொடர் வந்தது.

சாயோ என்று ஒரு சிறுமி. கடிகாரம் பழுதுபார்க்கும் அப்பா இறந்ததும் அநாதையாகிறாள். அவளைத் தன்னோடு கூட்டிக்கொண்டு ரயில் ரயிலாகப் போகிறான் கரோ என்கிற திருடன். வெள்ளைக் கையுறை, நீளக் கோட்டு, அதிர்ந்து பேசாத வாய். எந்த வீட்டில் திருடினாலும் வாசலில் நின்று தொப்பியைக் கழற்றி, குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போவான். பிள்ளைகளுக்கு அவனை அவ்வளவு பிடித்துவிட்டது. தெருவில் கிரிக்கெட் ஆடுகிறவர்கள்கூட அவுட் ஆனால் கரோ மாதிரி குனிந்துவிட்டுப் போனார்கள். ரோஸ்லின் எட்டாம் வகுப்பு. "எங்கம்மாதான் சாயோ" என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

ஜாய்சுக்கு மட்டும் கரோவைப் பிடிக்கவில்லை. அவன் குனியும்போதெல்லாம் அவளுக்கு அண்ணன் ஞாபகம் வந்தது.

அண்ணன் அருள்பிரகாஷ் அவளைவிட இருபது வயது மூத்தவர். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பவர். யாரையும் 'டா' போட்டுக் கூப்பிட்டதில்லை. நாற்று நட வருகிற பெண்களைக்கூட 'வாங்கம்மா' என்பார். அப்பா இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், குடமுருட்டி ஆற்றங்கரையில் இருந்த வீட்டிலும் வயலிலும் அவள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித்தரச் சொன்னதும் அவ்வளவு இதமாகத்தான். "சும்மா ஒரு சம்பிரதாயம் பாப்பா. நீ கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் வாக்கப்பட்டுப் போனாலும் இது உன் வீடு. எப்ப வந்தாலும் உனக்கு இங்க ஒரு ரூம் உண்டு." பத்திர ஆபீசில் அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். கையெழுத்துப் போட்ட விரலில் ஒட்டிய மையைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்துவிட்டார். அவளும் அழுதாள், பாசத்தில்.

சகாயநாதன் போனபின், வாடகை கட்ட முடியாமல், அப்பா வீட்டுக் கொல்லைப்புறத்து அறைகளில் தங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். "ஓடெல்லாம் சரிஞ்சு கிடக்கு பாப்பா. வயசுப் புள்ளையை வச்சுக்கிட்டு உனக்கு எதுக்கு அந்த ஆபத்து? நான் அதைத் தூங்காம யோசிச்சிட்டிருக்கேன்" என்றார். சரிதானே என்று அவளும் திரும்பி வந்துவிட்டாள். அடுத்த வருஷம் வீட்டை இடித்தார். மாடி வைத்துப் புதுசாகக் கட்டினார். போன வாரம் மனைவி கிறிஸ்டியுடன் தாம்பாளத்தில் ஆப்பிளும் பட்டுப்புடவையும் வைத்து எடுத்துக்கொண்டு ஜாய்சின் வாடகை வீட்டுப் படியேறினார்.

"புது வீட்டுக்கு மந்திரிப்பு வச்சிருக்கேன், சாமியார் வந்து ஆசீர்வதிப்பாரு. நீதான் ரிப்பன் வெட்டணும். அப்பா இருந்தா உன்னைத்தான் வெட்டச் சொல்லியிருப்பாரு."

ஜாய்ஸ் சிரித்துக்கொண்டே தாம்பாளத்தை வாங்கினாள். காபி போட்டுக் கொடுத்தாள். தெருமுனை வரை போய் வழியனுப்பினாள். திரும்பி வந்து ஆப்பிளைக் கண்ணில் படாதபடி அலமாரிக்கு மேல் தள்ளினாள். அண்ணன்மேல் வந்த கோபத்தைவிடச் சிரித்த தன் வாயின்மேல் வந்த கோபம்தான் பெரிதாக இருந்தது. ஒரு வாரமாகியும் அது இறங்கவில்லை.

அந்த நிலையில்தான் கடைசிக்கு முந்தின பகுதியைப் பேசப் போனாள். சாயோவுக்கு உண்மை தெரிகிற பகுதி அது. ஊரார் பழுதுபார்க்கக் கொடுத்த பெரிய கடிகாரம் அவள் அப்பா கடையிலிருந்து காணாமல் போனது, அந்தப் பழியிலேயே அவர் படுத்த படுக்கையாகிச் செத்தது, திருடியவன் கரோ. ரயில்வே பிளாட்பாரத்தில் அவன் வழக்கம்போலத் தொப்பியைக் கழற்றிக் குனிகிறான். சாயோ வாய் பிளந்து கத்துகிறாள். படத்தில் அவள் கழுத்து நரம்பு தெரிகிறது. மொழிபெயர்ப்புத் தாளில் இருந்த வசனம்: 'திருடிவிட்டு எதற்குக் குனிகிறாய்? என் முகத்தைப் பார்!'

அதன்மேல் நீலப் பேனாவால் அடித்திருந்தது. பக்கத்தில் வேறு வசனம்: 'பரவாயில்லை அங்கிள். நீங்களும் எனக்கு அப்பா மாதிரிதான்.'

"இது என்ன ரெமி?"

"சென்னையிலேர்ந்து மாத்தச் சொல்லிட்டாங்கக்கா. சின்னப் பொண்ணு பெரியவங்களை இப்படி எதுத்துக் கத்துனா பேரண்ட்ஸ் கம்ப்ளெய்ன்ட் பண்ணுவாங்களாம். தேம்பித் தேம்பி அழுதுட்டு இதைச் சொன்னாப் போதும்."

"படத்துல அவ கத்துறாளே. வாயைப் பாரு."

"குளோசப்பை வெட்டிட்டு முதுகுப் பக்கம் ஷாட் போடுறாங்களாம். நீங்க சொல்லுங்கக்கா, ரெண்டு நிமிஷ வேலை."

ஜாய்ஸ் ஹெட்போனை மாட்டினாள். ரெமிஜியஸ் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்க் கை காட்டினான். அவள் அடிக்கப்பட்ட வசனத்தைத்தான் பேசினாள். பேசினாள் என்றா சொல்வது! நெஞ்சுக்கூட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தது. குழந்தைக் குரலில் தொடங்கி எங்கேயோ நடுவில் அது அவளே அறியாத ஒரு பெரிய பெண்ணின் குரலாகி, ஒலி அளவு காட்டும் மீட்டரின் முள் சிவப்புக்குப் போய் நின்றது. கீழே கண்ணாடிக் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று மாடிப்படி ஏறி வந்துவிட்டார்.

ரெமிஜியஸ் கதவைத் திறந்தான். அவன் கையில் மயிர் சிலிர்த்திருந்தது. "நல்லாருக்குக்கா. சத்தியமா நல்லாருக்கு. ஆனா இதை அனுப்ப முடியாது. எழுதினதை ஒருதடவை சொல்லிடுங்க."

"சொல்ல மாட்டேன்."

"அக்கா, பொம்மைப் படம்க்கா இது."

"பொம்மையைக்கூட விட மாட்டீங்களா? அவ அப்பனைக் கொன்னவன்கிட்ட 'பரவாயில்லை'ன்னு சொல்லணுமா? யாருக்குப் பரவாயில்லை? அவளுக்கா, உனக்கா? எனக்குப் பரவாயில்லைன்னு விட முடியாது!"

"நீங்க பேசலைன்னா வேற ஆளை வச்சுப் பேச வேண்டியிருக்கும்."

"வச்சுக்க."

ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் போட்டுவிட்டு இறங்கினாள். வீட்டுக்குப் போகத்தான் நடந்தாள். ஆனால் அண்ணன் ஊர் வழியாகத் திருவையாறு போகிற பஸ் எதிரே வந்தபோது கை தானாக நீண்டது.

குறுவை அறுப்பு முடிகிற நேரம். சாலையில் பாதிக்குமேல் நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். பஸ் ஒதுங்கி ஒதுங்கி ஊர்ந்தது. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு என்று ஒவ்வொரு பாலமாகத் தாண்டுகையில், கோபம் தணிந்துவிடுமோ என்று அவளுக்குப் பயமாகக்கூட இருந்தது. தணியவில்லை.

புதுவீட்டு வாசலில் சாரம் கட்டி இரண்டு பேர் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து கைகூப்பினார். "வா பாப்பா! சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கே. வெயில்ல நடந்தா வந்தே? கிறிஸ்டி, யாரு வந்திருக்கான்னு பாரு, மோர் கொண்டா."

"மோர் வேணாம். என் ரூம் எங்கண்ணே?"

"எந்த ரூம்மா?"

"எப்ப வந்தாலும் எனக்குன்னு ஒரு ரூம் இருக்குன்னு சொன்னீங்களே. ஓடு சரிஞ்சு கிடக்குன்னீங்க. இப்பதான் காங்கிரீட் போட்டாச்சே. எந்த ரூம்? காட்டுங்க, பாக்குறேன்."

அவர் புன்னகை மாறாமல் சாரத்தைக் கண்ணால் காட்டினார். "மெதுவா பாப்பா. வேலைக்காரங்க இருக்காங்க."

அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து அண்ணனை 'நீங்க' என்று கூப்பிட்ட வாயில் அன்றைக்கு 'நீ' வந்தது.

"இருக்கட்டும், கேக்கட்டும்! நீ என்கிட்ட வந்து, 'வீட்டை எனக்குக் குடுத்துரு'ன்னு கேட்டிருந்தா நான் முடியும், முடியாதுன்னு சொல்லியிருப்பேன். நீ கேக்கலை. தடவிக்குடுத்து வாங்கிட்டே. என் புருசன் செத்து நான் வந்து நின்னப்பவும் தடவிக்குடுத்துத் திருப்பி அனுப்பினே. என் அப்பா வீட்டை இடிச்சுட்டு, என்னையே ரிப்பன் வெட்டக் கூப்பிடுறே. எங்க இருந்துண்ணே உனக்கு அந்தத் தைரியம் வந்துச்சு? நான் சிரிச்சுக்கிட்டே வெட்டுவேன்னுதானே?"

பெயின்ட் பிரஷ்கள் நின்றுவிட்டன. எதிர்வீட்டுக்காரி வாசலுக்கு வந்தாள். மோர்ச் சொம்போடு வந்த அண்ணி கதவிலேயே நின்றாள். அருள்பிரகாஷ் வேலைக்காரர்களைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். கழுத்திலிருந்து காது வரை அவருக்குச் சிவந்தது.

"யாருடி உன்னைக் கையைப் புடிச்சு இழுத்தது? சட்டப்படி நீதானே எழுதிக் குடுத்தே! கடைசிக் காலத்துல அப்பனுக்குப் பீ மூத்திரம் அள்ளுனது யாரு, நீயா? போடி! என்ன பண்ண முடியுமோ பண்ணிக்க, போ!"

முப்பது வருஷமாகப் பள்ளிக்கூட மேடையிலும் கோயில் பலிபீடத்தருகிலும் யாரும் கேட்டிராத குரல் அது. அண்ணியின் கையிலிருந்து சொம்பு சாய்ந்து மோர் புதுத் தரையில் ஓடியது.

அப்பாவை அவர் பார்த்துக்கொண்டது உண்மை. அது ஜாய்சுக்கும் தெரியும். "அதைச் சொல்லிக் கேட்டிருக்கலாம்ல?" என்றாள். "அப்பாவைப் பாத்தேன், அதனால வீடு எனக்குன்னு நேராச் சொல்லியிருந்தா நானே குடுத்திருப்பேன். இப்ப பேசுனே பாரு, இதுதான் உன் பேச்சு. இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் என்கிட்ட நெசமாப் பேசியிருக்கே."

அவள் பஸ்சுக்கு நடந்தாள்.

மந்திரிப்புக்கு அவள் போகவில்லை. பட்டுப்புடவையைக் கூரியரில் திருப்பி அனுப்பினாள். சொந்தக்காரர்கள் போன் மேல் போன் போட்டார்கள். தங்கமான மனுசரைத் தெருவில் வைத்துத் திட்டிவிட்டாளாம். புருசன் போனதிலிருந்தே அவளுக்குப் புத்தி சரியில்லையாம். ஒரு பெண் வக்கீலைப் போய்ப் பார்த்தாள். பத்திரம் எழுதி வருஷம் பல ஓடிவிட்டது, ஏமாற்றி வாங்கியதாக நிரூபிப்பதும் கஷ்டம், வழக்கு நிற்காது என்றார் அவர். அன்பாகப் பேசி வாங்கினால் சட்டத்துக்கு அது திருட்டாகப் படாதா என்று ஜாய்ஸ் கேட்டாள். வக்கீல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். வீடு போனது போனதுதான்.

சாயோவும் போனாள். கடைசி இரண்டு பகுதிகளை ஒரு கல்லூரிப் பெண்ணை வைத்துப் பேசி முடித்தார்கள். டிவியில் அது வந்தபோது ரோஸ்லின் பாதியிலேயே ரிமோட்டைத் தூக்கி எறிந்தாள். "இது சாயோவே இல்லம்மா. இவ எதுக்கு அவன்கிட்ட மன்னிப்பு கேக்குற மாதிரி பேசுறா?" பள்ளிக்கூடத்தில் வேறு யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று மறுநாள் வந்து இன்னும் கோபமாகச் சொன்னாள். இரண்டு மாதம் ஸ்டுடியோவிலிருந்து கூப்பிடவில்லை. ஜாய்ஸ் ஒரு நர்சரிப் பள்ளியில் பாட்டு டீச்சராகச் சேர்ந்தாள். பிறகு ரெமிஜியஸ் தானாகவே போன் செய்தான். ஒரு ராட்சசி வேஷம், பேச ஆள் கிடைக்கவில்லை. "வசனத்தை முதல்ல அனுப்பு, படிச்சுட்டுச் சொல்றேன்" என்றாள். அனுப்பினான்.

டிசம்பரில், மழை விட்ட ஒரு சாயங்காலம், வாசலில் கார் வந்து நின்றது. ரோஸ்லின் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடிவந்தாள். "மாமா வந்திருக்காங்க. கையில கேக் பெட்டி. திறக்கவா?"

ஜாய்ஸ் அடுப்பைக் குறைத்தாள். "திற. ஆனா கேக்கு வேணாம்னு சொல்லு. மாமா உள்ள வந்து உக்காந்து நான் சொல்றதைக் கேக்குறதா இருந்தா வரட்டும்."

ரோஸ்லின் அதை அப்படியே போய்ச் சொன்னாள். அருள்பிரகாஷ் கேட்டைத் தாண்டவில்லை. "ஹேப்பி கிறிஸ்துமஸ்னு அம்மாகிட்ட சொல்லும்மா" என்றார், பழைய மெதுவான குரலில். கேக் பெட்டியைக் கேட் தூண்மேல் வைத்துவிட்டுக் காரில் ஏறினார்.

கார் தெருத் திருப்பத்துக்குப் போவதற்குள் ரோஸ்லின் பெட்டியை எடுத்துக்கொண்டு சேற்றில் ஓடினாள். "மாமா! நில்லுங்க! எங்களுக்கு வேணாம்னு சொன்னேன்ல!" தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. கார் நின்றது. ஜன்னல் வழியாகப் பெட்டியை அவர் மடியில் வைத்துவிட்டு, முழங்கால்வரை சேறோடு திரும்பி வந்தாள். ஜாய்ஸ் அவளுக்குக் கால் கழுவ ஒரு வாளித் தண்ணீர் எடுத்து வைத்தாள்.