மார்க்கர் கோப்பை

பத்து வயது வரை என் அத்தா டென்னிஸில் ஜெயித்து நான் பார்த்ததே இல்லை. திண்டுக்கல்லில் ஒரு கிளப்பில் அவர் மார்க்கர். விடியற்காலையில் களிமண் தரைக்குத் தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு, சாயங்காலம் மெம்பர்களோடு ஆடித் தோற்பது அவர் உத்தியோகம். சம்பளமே அதற்குத்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கிளப் செயலாளரான டாக்டரின் மகள் என் வகுப்பு. "எங்கப்பா நேத்தும் உங்க அத்தாவத் தோக்கடிச்சிட்டாரே" என்று தினமும் பிரேயருக்கு முன்பே சொல்லி என் மானத்தை வாங்கிவிடுவாள். ஒரே ஒரு தடவை அத்தா ஜெயித்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

நயா பைசா வந்த புதிது, நான் ஐந்தாம் வகுப்பு. டாக்டர் மார்க்கர்களுக்கென்றே ஒரு போட்டி நடத்தினார். ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்டவர்களை மெம்பர்களின் போட்டிகளில் சேர்க்க மாட்டார்கள். மதுரை, திருச்சி, கொடைக்கானல் கிளப்புகளிலிருந்தெல்லாம் டிரங்குப் பெட்டியும் மட்டையுமாக வந்து இறங்கினார்கள். அத்தாவோடு ஆடவேண்டிய முதல் ஆள் வயிற்றுப்போக்கில் படுத்துவிட்டார். இரண்டாமவருக்கு மட்டை நரம்பு அறுந்துபோனது. அத்தா இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார்.

எதிரே நின்றவர் கொடைக்கானல் கிளப் மார்க்கர், சொந்த ஊர் பழனிப் பக்கம். ஆட்டம் தொடங்கிய பிறகுதான் வம்பு தெரிந்தது. இரண்டு பேருமே எதிராளியின் மட்டைக்கு வாகாகப் பந்தைக் கொடுத்தே வயிறு வளர்த்தவர்கள். அத்தா பந்தைக் கொண்டுபோய் அவர் மட்டையில் வைப்பார். அவர் அதைப் பத்திரமாகத் திருப்பித் தருவார். இப்படி அறுபது, எழுபது தடவை. அவர் அடித்தது வெளியே விழுந்தால், "உள்ளதான் சார்! நல்ல ஷாட்!" என்று அத்தா கத்துவார். "இல்லீங்க, வெளியதானுங்க" என்று அவர் கும்பிடுவார்.

வெயில் தாழ்ந்தது. வத்தலக்குண்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஒரு கூட்டம் எழுந்து போனது. நடுவராக உட்கார்ந்திருந்த டாக்டர் கொட்டாவியை மறைக்கக்கூட இல்லை. ஒருவழியாக, அத்தாவுக்கு இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் கோப்பை என்ற நிலை வந்தது. அந்தப் பந்தும் நாற்பது தடவை போய்வந்தது. பிறகு கொடைக்கானல்காரர் அதை உயரத் தூக்கி, அடித்துக்கொள் என்று சொல்லாத குறையாக, அத்தாவின் தலைக்கு நேரே இறக்கினார். அத்தா வழக்கம்போல மட்டையைத் தணித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. உருளையின் மேல் ஏறி நின்று கத்தினேன்.

"அத்தா! அவரு மெம்பர் இல்ல!"

தணிந்த கை மேலே போனது. விழுந்த அடியில் பந்து தரையைப் பெயர்த்துக்கொண்டு வேலியைத் தாண்டி ரோட்டில் போய் விழுந்தது. "ஷாட்டுங்க!" என்றார் கொடைக்கானல்காரர், மனசாரத்தான்.

எல்லோரும் கைதட்டினார்கள், டாக்டரைத் தவிர. கோப்பையைக் கொடுக்கும்போது அவர் அத்தாவை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இத்தன நாளா இந்த அடிய எங்க பாய் வச்சிருந்தீரு?"

"தன்னால போயிருச்சு சார்."

வீடு திரும்பும் வழியெல்லாம் அத்தா தலையைக் குனிந்தே நடந்தார். கோப்பையை நான்தான் கட்டிப்பிடித்துத் தூக்கி வந்தேன்.

திங்கட்கிழமை டாக்டர் அத்தாவை ஆடக் கூப்பிட்டார். "நெசமா ஆடணும் பாய். விட்டுக் குடுத்தீருன்னா எனக்குத் தெரிஞ்சிரும்" என்றார். அன்று ஆடியதுபோல் அத்தா முன்னும் ஆடியதில்லை, பின்னும் ஆடியதில்லை. மூலைக்கு மூலை ஓடினார். பல்லைக் கடித்தார். இரண்டு தடவை விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். அவர் அடித்த கடைசிப் பந்து கோட்டுக்கு விரற்கடை தூரம் வெளியே விழுந்தது. ஏழுக்கு ஐந்து என்று ஜெயித்த டாக்டர், கோப்பைக்காரனையே ஜெயித்துவிட்டேன் என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டில் அம்மா காயத்துக்கு மஞ்சள் வைத்தபடி திட்டினாள். "கோப்ப வாங்குன அன்னிக்குக்கூட இம்புட்டு வேர்க்கல புள்ள" என்று அத்தா என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாவம், அத்தாவுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அவருக்கு முப்பத்து நான்கு.