தார்த்தரையில் போடாத மட்டை

எங்கள் வரவேற்பறைக் கதவுக்குப் பின்னால் ஓர் அலுமினிய மட்டை நிற்கிறது. லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள், கள்ளருக்குப் பயந்து வைத்திருக்கிறோம் என்று சிரிப்பார்கள். நானும் அப்படியே விட்டுவிடுவேன். அது அத்தானுடைய பேஸ்போல் மட்டை என்று சொன்னால் முழுக்கதையும் சொல்லவேண்டி வரும். சொல்லி முடிக்கும்போது எனக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

அத்தான், அக்காவின் கணவர், லண்டனுக்கு வருமுன் ரொறன்ரோவில் இருந்தவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்த ஒரே பைத்தியம் பேஸ்போல். நான் அப்போது ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பு உதவியாளர். என்னை நச்சரித்து, தலைமை ஆசிரியையிடம் பேசவைத்து, சனிக்கிழமைக் காலைகளில் பிள்ளைகளுக்கு அதைப் பழக்கத் தொடங்கினார். அந்தப் பள்ளிக்கூடத்தில் புல் என்று ஒரு சாண் கிடையாது. வெறும் தார்த்தரை, சுற்றிவர வீடுகளின் பின்பக்கம். கையுறைகள் பாதிப் பேருக்குத்தான் காணும். ஆட்டம் மாறும்போது கழற்றி எதிர்ப்பக்கத்தாரிடம் கொடுப்பார்கள்; வாங்குகிறவர்கள் அடுத்தவரின் வியர்வை ஈரத்துக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டே மாட்டுவார்கள். மட்டை ஒன்றே ஒன்று.

பேஸ்போலில் பந்தை அடித்தவுடன் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடவேண்டும். எங்கள் பிள்ளைகளோ வீட்டில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். மட்டையோடு ஓடி, கோட்டுக்குள் அதை நீட்டி வைப்பதுதான் அவர்களுக்குத் தெரியும். "போடுங்கோ, போடுங்கோ" என்று அத்தான் தொண்டை கிழியக் கத்தித் திருத்தினார். திருந்தும்போது மட்டை தாரில் விழுந்து விழுந்து நெளியத் தொடங்கியது. சத்தம் தாங்க முடியவில்லை என்று பின்வீட்டார் முறைப்பாடு செய்தார்கள். இன்னொரு மட்டைக்குப் பள்ளிக்கூடத்தில் கேட்டேன். இந்த வருடம் வழியில்லை என்றார்கள். கடைசியில் அத்தானே, மனமில்லாமல், பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இனிப் போடாதேங்கோ. கையில கொண்டே ஓடுங்கோ. போட்டியில மட்டும் போட்டால் காணும்."

பழகின கை அப்படிச் சொல்வழி கேட்குமா? எனக்கு அன்றைக்கே பயம். கேட்டும்விட்டேன். வேறு என்ன செய்யச் சொல்லுகிறாய் என்றார்.

வெளியூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றோடு ஒரு போட்டி கிடைத்தது. அதில் வென்றால்தான் அடுத்த வருடமும் சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடக் கதவு திறக்க அனுமதி என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார். நல்ல மனுசி, அவருக்கும் மேலே ஆட்கள். எங்கள் பிள்ளைகள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் புல்லில் விளையாடினார்கள். கடைசிக் கட்டத்தில், பலசரக்குக் கடைக்காரரின் மகள் அடிக்க வந்தாள். எங்கள் பக்கத்துக் கெட்டிக்காரி அவள்தான். ஓடிப்போய் முதல் பேஸை, தரையில் கிடக்கும் அந்தச் சதுரத் தட்டை, காலால் தொட்டுவிட்டால் ஆட்டம் தொடரும், இல்லாவிட்டால் அவ்வளவுதான். நல்ல அடி. மட்டையோடு பறந்தாள். பேஸுக்கு ஒரு எட்டு முன்னால் குனிந்து, மட்டையை நீட்டி அதைத் தொட்டுவிட்டு, நின்றே விட்டாள். நின்று, அத்தானைப் பார்த்துச் சிரித்தாள்.

பந்து பேஸில் நின்ற எதிராளியின் கையுறைக்குள் வந்தது. பேஸ்போலில் மட்டை தொட்டால் கணக்கில்லை; நடுவர் அவுட் என்று கையை உயர்த்தினார். ஏன் என்றுகூட அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை. அத்தான் போய் அவள் தலையில் கைவைத்து, "நீ நான் பழக்கினபடிதான் பிள்ளை செய்தனி" என்றார். ஐயோ, அதை என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

அந்தக் கதவு பிறகு சனிக்கிழமைகளில் திறக்கவில்லை. மட்டையைத் தன் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது என்று அத்தான் என்னிடம் தந்துவிட்டார்.

அண்மையில் அந்தக் கடைக்காரரின் மகள் தன் கலியாண அழைப்போடு வந்தாள். இப்போது மருந்துக்கடையில் வேலை. அத்தானும் இருந்தார். கதவுக்குப் பின்னால் கண்டவள் மட்டையை எடுத்து, தோளுக்கு மேலே பிடித்து, அடிக்க நிற்பதுபோல் நின்றாள்.

"இப்ப போடு பிள்ளை," என்றார் அத்தான். "கீழ காப்பெற் விரிப்புத்தானே, நெளியாது."

அவள் சிரித்தாள். விரல்களைத் தளர்த்தப் பார்த்தாள்; அவை விடவில்லை. பிறகு முழங்காலை மடித்துக் குனிந்து, இரண்டு கையாலும் அதைத் தரையில் வைத்தாள். ஒரு சத்தமும் வரவில்லை.

அத்தான் தேத்தண்ணீரைக் குடிக்காமலே எழும்பிப் போனார். நான் மட்டையை எடுத்துக் கதவுக்குப் பின்னால் வைத்தேன்.