மேட்டுல நல்லா இழுக்குதுப்பா

காளவாசல் ஷோரூமில் புதுக்கார் வாங்கியவர், நான்கு எலுமிச்சம்பழங்களின் மேல் அதை ஏற்றித் தெருவுக்கு எடுத்தார். நசுங்கிய பழத்தின் வாசனை பட்டதும் நான் சின்ன வயதின் நாகமலை புதுக்கோட்டை வீட்டு வாசலுக்குப் போய்விட்டேன்.

அங்கே அப்பாவின் ஜீப் நின்றது. பழைய இரும்பு விலைக்கு வாங்கியது. ஞாயிறுதோறும் எஞ்சினைப் பிரித்து, அம்மாவின் அலுமினியச் சட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவுவார். மறுபடி மாட்டுவார். அது ஓடியதே இல்லை. ஆனாலும் ஆயுத பூஜைக்குச் சந்தனம் பூசி, டயருக்கடியில் பழம் வைப்பார். பழம் நசுங்க வேண்டுமே! அவரும் அம்மாவும் பின்னாலிருந்து தள்ள, நான் ஸ்டீயரிங் பிடிப்பேன்.

"ஓடாத வண்டிக்கு இன்னும் எம்புட்டுப் பழத்தத்தான் நசுக்குவீக?" அம்மாவுக்கு மூச்சு வாங்கும்.

அப்பா என் பக்கம் ஓடி வருவார். "எப்படி ஓடுது, ஆத்தா?"

"மேட்டுல நல்லா இழுக்குதுப்பா."

அவர் அதை நம்புவார். முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும். அந்த முகத்துக்காகத்தான் கார்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுத வந்தேன். அப்பா போன பிறகு ஜீப்பை அறுத்துத் துண்டுகளாகத்தான் லாரியில் ஏற்றினார்கள்.

நான் எழுத வேண்டிய கார் ஷோரூமுக்குள் நிற்கிறது. இப்போதெல்லாம் எழுதுகிறவர்களுக்கு ஓட்டிப் பார்க்கத் தருவதில்லை. கம்பெனி அனுப்பும் குறிப்பை மாற்றி எழுதினால் போதும் என்கிறார் ஆசிரியர். மறுத்தால் அந்த வேலையும் இல்லை.

போனில் தட்டினேன்: 'மேட்டில் நன்றாக இழுக்கிறது.'

நம்புவதற்குத்தான் யாருமில்லை.