மாடம்மாளும் கக்கூஸ் சாவியும்

மாடம்மாளிடம் ஒரு கெட்ட குணம் உண்டு: பட்டதை மறக்கமாட்டாள்.

திருவனந்தபுரம் சாலை பஜார்க் கடைகளுக்குப் பின்னால் சிவதாணு அண்ணாச்சியின் சிப்ஸ் கொட்டகையில் பத்தொன்பது வருஷம் நேந்திரங்காய் வறுத்தவள் அவள். காலை ஏழு மணிக்கு எண்ணெய் உருளிப் பக்கம் நின்றால் பொழுது சாய்கிறவரை அனல்தான். இருந்தது ஒரே கக்கூஸ், அதன் சாவி அண்ணாச்சி இடுப்பில். போய்க் கேட்டால், "இந்த ஈடு முடியட்டும் பிள்ளே" என்பார். ஒரு ஈடு காய் எண்ணெயை விட்டு ஏறுமுன்னே அடுத்த ஈடு சீவித் தயாராக இருக்கும். நாலு ஆம்பளைகள் பார்க்கச் சாவிக்குக் கைநீட்டுவதைவிடத் தண்ணீர் குடிக்காமலே கிடக்கலாம் என்று அங்கிருந்த பெண்டுகள் எல்லாம் பழகிக்கொண்டார்கள். காலையில் பால் இல்லாத ஒரு கட்டன்சாயா, அவ்வளவுதான்.

போன வருஷம் மூத்திரத்தில் ரத்தம் கண்டது. புற்று என்று ஆஸ்பத்திரியில் இடது கிட்னியையே எடுத்துவிட்டார்கள். அண்ணாச்சி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வேறு ஆள் போட்டாயிற்று என்று மட்டும் சொல்லியனுப்பினார். பாவி மனுஷன்.

தையல் ஆறியபின், அங்கிருந்த மலையாளத்து டாக்டர் லிபி அவளை உட்காரவைத்துப் பேசினாள். "கட்டி போயாச்சு அம்மா. பட்சே, எடுத்த கிட்னியில கட்டி இல்லாத பாகமும் தழும்பாயிட்டு இருக்கு. பல வருஷத்துச் சேதம். மிச்சம் இருக்கறதும் அப்படித்தான் இருக்கும், சூட்சிக்கணும், கவனமா இருக்கணும்." கிட்னிப் புற்று வந்தவர்களில் எந்த ஊர்க்காரருக்கு இந்தத் தழும்பு அதிகம் என்று லிபி கணக்கெடுத்துக்கொண்டிருந்தாள். "திருநெல்வேலிப் பக்கத்து ஆளுகளுக்குத்தான் கூடுதல். உங்க ஊர்த் தண்ணி மோசம், அல்லே?"

மாடம்மாளுக்குச் சுருக்கென்றது. ஊர்த் தண்ணியை எவள் குடித்தாள்? கோயில் கொடைக்குப் போனால் மூன்று நாள். ஆனால் ஆஸ்பத்திரித் தாளில் ஊர் விலாசம்தான் இருந்தது, ஆதாரைப் பார்த்து எழுதியது. பிழைக்க வந்த யாரும் ஆதாரை மாற்றுவதில்லை. ரேஷனும் ஓட்டும் அங்கேதானே. டாக்டரைப் பார்க்க வரிசையில் கூட உட்கார்ந்திருந்த தார் ரோட்டுக்காரனும், பேக்கரி அடுப்புக்காரனும் அதே மாதிரி ஊர்ப்பேரைக் கொடுத்தவர்கள்தான். திருவனந்தபுரத்தில் வெந்த உடம்புகளுக்குப் பழி திருநெல்வேலிக் கிணற்றின் தலையில்.

"ஊரை வெட்டுங்க டாக்டர். நாள் முழுக்க எங்க நின்னேன்னு எழுதுங்க. கடைப் பேரையும் எழுதுங்க." லிபி எழுதி முடிக்கும்வரை மாடம்மாள் பேனாவைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வேலைதான் காரணம் என்று இப்போதே சொல்ல முடியாது என்றாள் லிபி. ஆனாலும் எல்லோரையும் மறுபடி கூப்பிட்டு, எங்கே வேலை, எவ்வளவு அனல், எவ்வளவு தண்ணீர் குடிப்பார்கள் என்று கேட்டு எழுதினாள். பத்தாம் நாள் கொட்டகைக்கே ஆள் அனுப்பினாள். சூட்டை அளந்தார்கள், பெண்களுக்கு ரத்தம் எடுத்தார்கள், கக்கூஸ் சாவி யாரிடம் என்றும் கேட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் ஒரு பை ஆரஞ்சோடு அண்ணாச்சி அவள் லைன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"வாங்க அண்ணாச்சி, தண்ணி குடிங்க." செம்பு நிறையக் கொடுத்தாள். வீடு தேடி வந்தவர் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? குடித்தார். இன்னொரு செம்பு வந்தது.

"கடைப் பேரை மட்டும் எடுத்துரச் சொல்லு பிள்ளே. கவர்மெண்டுக்குப் போனா நான் என்ன செய்வேன்?"

"சொல்லுதேன், சொல்லுதேன். இதையும் குடிங்க."

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை தின்கிற மனுஷன். மூன்றாவது செம்புக்குப் பிறகு காலை மாற்றி மாற்றி வைத்தார். மாடம்மாளுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

"பிள்ளே... கக்கூஸ் எங்க இருக்கு?"

எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒன்றுதான். சாவி அவள் வீட்டு ஆணியில் தொங்கியது. அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அடுப்பைப் பற்றவைத்து, எண்ணெய் ஊற்றி, ஒரு நேந்திரங்காயைப் பொறுமையாகச் சீவிப் போட்டாள்.

"இந்த ஈடு முடியட்டும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, தீயைக் குறைத்து வைத்தாள்.